ஒன்பது சதுரத்திலிருந்து எட்டு முனை நட்சத்திரம் வரை

ஒரு பெரிய நட்சத்திரக் குவில்ட்டை, அதாவது சிறு துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வையை, முதன்முறை பார்க்கும்போது, கண் அதை முழு உருவமாகவே எடுத்துக்கொள்கிறது. எந்தத் துண்டை முதலில் தைத்தார்கள், எந்தத் தையல் எதன் மேல் ஏறுகிறது என்பது எளிதில் பிடிபடுவதில்லை. இதனாலேயே, நேர்த்தியாகச் சதுரங்களை இணைக்கத் தெரிந்தவர்கள்கூட நட்சத்திரம் என்றால் அது தனி வித்தை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் மேல் ஓர் அளவுகோலை வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடும் நேர்கோட்டுத் தையல்களை மட்டும் தேடிப் பாருங்கள். பெரும்பாலான நட்சத்திரங்களுக்கு அடியில் மூன்றுக்கு மூன்று கட்டமோ நான்குக்கு நான்கு கட்டமோ கிடப்பது தெரியவரும். முந்தைய பிளாக்கில், அதாவது குவில்ட்டின் அடிப்படைச் சதுர அலகில், ஒரே ஒரு வகைத் துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால் அடுத்த நட்சத்திரம் கிடைக்கிறது. அந்த மாற்றங்களை ஒன்றிலிருந்து ஒன்று வளரும் வரிசையிலேயே தைத்துப் பார்க்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே தரும் அளவுகள் எல்லாம் அங்குலத்தில் உள்ளன. சென்டிமீட்டரில் பழகியவர்கள் ஒரு பிளாக் முழுவதையும் அந்த அளவிலேயே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரே பிளாக்கில் இரண்டையும் கலந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று சேராது.

முதலில் கால் அங்குலம்

ஒட்டுத்துணி வேலையில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று வெட்டும் அளவு. மற்றொன்று தைத்து முடிந்தபின் கண்ணுக்குத் தெரியும் அளவு. நான்கு பக்கமும் தையலுக்கென்று கால் அங்குலம் விடுவதால், 3 அங்குலமாகத் தெரிய வேண்டிய சதுரத்தை 3½ அங்குலமாக வெட்ட வேண்டும். சதுரங்களை மட்டும் இணைக்கும்போது இந்தக் கால் அங்குலம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது; எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் தவறுவதால் பிளாக் சிறிது சிறுத்துப் போவதோடு நின்றுவிடும். நட்சத்திரத்தில் அப்படி விட்டுவிட முடியாது, ஏனென்றால் முனைகள் கூராக நிற்பதும் மழுங்கிப்போவதும் அந்த ஒரு கோட்டைப் பொறுத்ததுதான்.

ஆகவே முக்கோணத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் இயந்திரத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். 1½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை நீளவாக்கில் இணைத்துத் தைத்து, மடிப்புகளை, அதாவது பின்பக்கத்தில் தையலுக்கு வெளியே நிற்கும் ஓரங்களை, ஒரு பக்கமாக இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும், மொத்த அகலம் 3½ அங்குலமும் இருந்தால் தையல் சரி. குறைவாக இருந்தால் ஊசியை ஓரிரு இழை அளவு ஓரத்தை நோக்கி நகர்த்தித் தைக்க வேண்டும். துணி மடியும்போது அந்த மடிப்பே ஓரிரு இழையை விழுங்கிவிடும் என்பதால், கால் அங்குலத்தைவிட மயிரிழை குறைவாகத் தைப்பதே நடைமுறையில் சரியாக வருகிறது.

மூன்றுக்கு மூன்று: நைன் பேட்ச்

ஒன்பது சதுரங்கள் கொண்ட நைன் பேட்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3½ அங்குலச் சதுரங்களை மூன்று வரிசைகளாகத் தைத்து, முதல் வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும், இரண்டாவதை இடப்பக்கமும், மூன்றாவதை மறுபடி வலப்பக்கமும் படியவைத்தால், வரிசைகளை இணைக்கும்போது மடிப்புகள் ஒன்றுக்கொன்று எதிராக முட்டி, தாமாகவே பொருந்தி நிற்கும். முடிந்த பிளாக் 9 அங்குலம். பின்னால் வரும் எல்லா நட்சத்திரங்களிலும் இந்த முட்டுக்கொடுக்கும் முறை உதவும் என்பதால் இதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

சதுரத்தை இரண்டாக்குதல்: ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார்

நைன் பேட்ச்சின் நான்கு மூலைகளையும் நடுச்சதுரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, பக்கங்களின் நடுவே உள்ள நான்கு சதுரங்களை மட்டும் மாற்றுவோம். அவற்றின் இடத்தில், பின்னணித் துணியும் நட்சத்திரத் துணியும் மூலைவிட்டத்தில் சந்திக்கும் சதுரங்களை வைக்க வேண்டும். ஆங்கில வடிவ நூல்களில் ஹாஃப் ஸ்கொயர் டிரையாங்கிள் என்றும், சுருக்கமாக ஹெச்.எஸ்.டி. என்றும் குறிப்பிடப்படும் இதை இங்கே இருமுக்கோணச் சதுரம் என்று சொல்லலாம்.

முக்கோணங்களைத் தனித்தனியே வெட்டித் தைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மூலைவிட்டமாக வெட்டிய ஓரம் துணியின் நீள இழையான பாவுக்கும் குறுக்கிழையான ஊடுக்கும் சாய்வாகப் போவதால் கையில் எடுத்தவுடனேயே இழுபடத் தொடங்கும். அதற்குப் பதிலாக இரண்டு நிறச் சதுரங்களை நல்லபக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் துணியின் பின்பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்தபின் கோட்டிலேயே வெட்டுங்கள். ஒரே வேலையில் இரண்டு சதுரங்கள் கிடைக்கும். வெட்டுவதற்கு முன்பே தையல் விழுந்துவிடுவதால் ஓரம் இழுபடவும் வழியில்லை.

இதற்கு எவ்வளவு பெரிய சதுரம் வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முடிந்த அளவோடு ⅞ அங்குலம் கூட்ட வேண்டும் என்பது விதி. இந்த எண் வந்த வழி எளியது. செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கமும் கால் அங்குலம் அகற்றினால், அதன் கூர்முனை நேர்முனையைவிட அதிகமாக நீளும். கணக்குப் போட்டால் பக்கம் 0.854 அங்குலம் கூடுகிறது. அளவுகோலில் அதற்கு மிக அருகில் உள்ள கோடு ⅞, அதாவது 0.875. ஆகவே 3 அங்குலச் சதுரத்துக்கு 3⅞ அங்குலம் வெட்ட வேண்டும். ஆயினும் நான் எப்போதும் 4 அங்குலமாகவே வெட்டித் தைத்துவிட்டு, பிறகு 3½ அங்குலத்துக்குச் சீர்செய்துகொள்கிறேன். சீர்செய்யும்போது அளவுகோலின் 45 பாகைக் கோடு தையல்மேல் அச்சாகப் படிய வேண்டும். இது கூடுதல் வேலைதான்; ஆனால் நூற்றுக்கணக்கான முக்கோணங்கள் உள்ள ஒரு குவில்ட்டில் இந்த வேலையைத் தவிர்த்தவர்கள் கடைசியில் வரிசைகளை இழுத்தும் சுருக்கியும் பொருத்த நேரிடுகிறது.

ஒரு பிளாக்குக்குத் தேவையானவை பின்னணித் துணியில் 3½ அங்குலச் சதுரம் நான்கு, 4 அங்குலச் சதுரம் இரண்டு. நட்சத்திரத் துணியில் 3½ அங்குலச் சதுரம் ஒன்று, 4 அங்குலச் சதுரம் இரண்டு. நட்சத்திர நிறமுள்ள முக்கோணத்தின் ஒரு முழுப்பக்கம் நடுச்சதுரத்தை ஒட்டி இருக்குமாறு முதல் துண்டை வையுங்கள். அடுத்தடுத்த துண்டுகளை ஒரே திசையில் கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே போனால், காற்றாடி போலச் சுழலும் நான்கு முனை நட்சத்திரம் உருவாகும். ஒரு துண்டு மட்டும் மாறித் திரும்பினாலும் நட்சத்திரம் காணாமல் போய்விடும் என்பதால், தைக்கும் முன் ஒன்பது துண்டுகளையும் மேசைமேல் பரப்பி, நின்று பார்த்துவிட்டுத் தைக்க உட்காருங்கள்.

நான்காக்குதல்: ஒஹையோ ஸ்டார்

அதே நைன் பேட்ச், அதே நான்கு இடங்கள். இம்முறை ஒவ்வொரு சதுரமும் இரு மூலைவிட்டங்களால் நான்கு முக்கோணங்களாகப் பிரிகிறது. முனைகள் எட்டாகின்றன, நட்சத்திரம் சுழலாமல் நிமிர்ந்து நிற்கிறது. கட்டத்தில் ஒரு கோடு கூடியதற்கு இவ்வளவு பெரிய மாற்றம் விளைவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

நான்முக்கோணச் சதுரத்துக்கு முடிந்த அளவோடு 1¼ அங்குலம் கூட்ட வேண்டும். சீர்செய்ய இடம் வேண்டுமென்றால் 1½ அங்குலம் கூட்டுங்கள். இந்தப் பிளாக்குக்குப் பின்னணியில் இரண்டு, நட்சத்திரத் துணியில் இரண்டு என்று 4½ அங்குலச் சதுரங்களை வெட்டி, முன்சொன்ன முறையில் முதலில் இருமுக்கோணச் சதுரங்களாக்கி, மடிப்பை அடர்நிறத்தின் பக்கம் படியவையுங்கள். பிறகு இரண்டு இருமுக்கோணச் சதுரங்களை நிறம் மாறி இருக்கும்படி நல்லபக்கம் உள்ளே வைத்துச் சேருங்கள். நடுத்தையல்கள் இரண்டும் முட்டுக்கொடுத்து நிற்பதை விரலால் தடவி உணர முடியும். அந்தத் தையலுக்குக் குறுக்கே மூலைவிட்டக் கோடு போட்டு, மறுபடியும் இருபுறமும் தைத்து, கோட்டில் வெட்ட வேண்டும். சீர்செய்யும்போது நான்கு முக்கோணங்களும் சந்திக்கும் புள்ளி அளவுகோலில் 1¾ அங்குலக் கோடுகள் குறுக்கிடும் இடத்தில் இருக்க வேண்டும். அது நகர்ந்தால் முனைகள் ஒருபக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாகிவிடும்.

பொருத்தும்போது நட்சத்திர நிறமுள்ள முக்கோணங்கள் மூலைச்சதுரங்களை ஒட்டியும், பின்னணி முக்கோணங்களில் ஒன்று வெளி ஓரத்தையும் மற்றொன்று நடுச்சதுரத்தையும் ஒட்டியும் வர வேண்டும். நடுவை ஒட்டும் அந்த முக்கோணத்துக்கு மூன்றாவது நிறம் கொடுத்தால் நட்சத்திரத்துக்குள் ஒரு வைரம் மலரும்.

நான்குக்கு நான்கு: சாடூத் ஸ்டார்

இதுவரை மூன்றுக்கு மூன்று கட்டத்தில் இருந்தோம். சாடூத் ஸ்டாரில் கட்டம் நான்குக்கு நான்காகிறது. நடுவிலுள்ள நான்கு கட்டங்கள் சேர்ந்து ஒரே பெரிய சதுரமாகின்றன. பக்கங்களில் இரண்டிரண்டு கட்டங்கள் இணைந்து, ஒரு பெரிய முக்கோணமும் அதன் இருபுறமும் இரண்டு சிறிய முக்கோணங்களும் கொண்ட செவ்வகமாகின்றன. வரிசையாகப் பறக்கும் வாத்துகளைப் போலத் தோன்றுவதால் இச்செவ்வகத்துக்கு ஃபிளையிங் கீஸ் என்று பெயர். நட்சத்திரங்களில் மிகுதியாகப் பயன்படும் பிளாக் எது என்று கேட்டால் நான் இதையே சொல்வேன். ஏனென்றால் நடுவில் கிடைக்கும் பெரிய சதுரம் வேறெந்த வேலைப்பாட்டுக்கும் வீடாக அமைகிறது.

12 அங்குல பிளாக்குக்கு நட்சத்திரத் துணியில் நடுச்சதுரம் 6½ அங்குலம் ஒன்று, 3⅞ அங்குலச் சதுரம் நான்கு. பின்னணியில் மூலைக்கு 3½ அங்குலச் சதுரம் நான்கு, 7¼ அங்குலச் சதுரம் ஒன்று. ஒரே பெரிய சதுரத்திலிருந்து நான்கு செவ்வகங்களும் கிடைக்கும். பெரிய சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சிறிய சதுரங்களை வைத்தால் அவை நடுவில் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இரண்டையும் ஊடுருவிப் போகுமாறு மூலைவிட்டம் வரைந்து, இருபுறமும் தைத்து, கோட்டில் வெட்டிச் சிறு முக்கோணங்களை வெளிநோக்கி இஸ்திரி போட்டால், இதயம் போன்ற இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் எஞ்சிய மூலையிலும் ஒரு சிறு சதுரத்தை வைத்து, மூலையிலிருந்து இரு முக்கோணங்களுக்கும் இடையே போகுமாறு கோடு போட்டு, மறுபடி இருபுறமும் தைத்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு செவ்வகமும் 3½ அங்குலத்துக்கு 6½ அங்குலம் இருக்க வேண்டும்.

இங்கே சற்று நின்று, ஒரு துண்டை அருகில் வைத்துப் பாருங்கள். பெரிய முக்கோணத்தின் உச்சி செவ்வகத்தின் ஓரத்தைத் தொடாது; ஓரத்துக்கும் உச்சிக்கும் இடையே சரியாகக் கால் அங்குலம் இடைவெளி இருக்கும். அது பிழை என்று நினைத்துச் சிலர் வெட்டிவிடுகிறார்கள். நடுச்சதுரத்தோடு இணைக்கும்போது தையல் அந்தக் கால் அங்குலத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்போது உச்சி தையல் கோட்டில் அமரும். இணைக்கும்போது ஃபிளையிங் கீஸ் துண்டின் பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்துத் தைத்தால், இரு தையல்களும் குறுக்கிட்டு ஒரு பெருக்கல் குறிபோலத் தெரியும். அந்தக் குறுக்கீட்டின் மேல், ஓரத்தை நோக்கி ஓர் இழை தள்ளி ஊசி இறங்க வேண்டும். உள்ளே தள்ளி இறங்கினால் முனை மழுங்கும். வெளியே அதிகம் தள்ளினால் முனைக்கும் சதுரத்துக்கும் நடுவே நட்சத்திரத் துணி எட்டிப் பார்க்கும். என் முதல் சாடூத் ஸ்டாரில் நான்கு உச்சிகளில் மூன்று மழுங்கியிருந்தன; பிரித்துத் திரும்பத் தைத்தபோது இந்த ஓர் இழைக் கணக்கு மட்டுமே மாறியது, நான்கும் கூராக நின்றன.

நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம்

இப்போது அந்த 6½ அங்குல நடுச்சதுரத்தை எடுத்துவிட்டு, அங்கே 6 அங்குல அளவுள்ள இன்னொரு சாடூத் ஸ்டாரை வைக்கலாம். அதற்கான நடுச்சதுரம் 3½ அங்குலம், மூலைகள் 2 அங்குலம், ஃபிளையிங் கீஸுக்குப் பெரிய சதுரம் 4¼ அங்குலம், சிறியவை 2⅜ அங்குலம். ஒஹையோ ஸ்டாரையோ, நான்கு இருமுக்கோணச் சதுரங்கள் சுழலும் பின்வீலையோ 6 அங்குலத்துக்குக் கணக்கிட்டு வைத்தாலும் பொருந்தும். வெளியிலுள்ள நட்சத்திரத்தின் விளிம்பெங்கும் மிகச்சிறிய இருமுக்கோணச் சதுரங்களைப் பல்வரிசைபோல் கோத்தால் அது ஃபெதர்டு ஸ்டார். பார்க்க மலைப்பாக இருந்தாலும் அதில் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. பொறுமையே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது.

பிளாக் சிக்கலாகும்போது நிறத்தைவிட நிறத்தின் அடர்த்தியே நட்சத்திரத்தைக் காட்டிக்கொடுக்கும். சிவப்பும் பச்சையும் வேறு நிறங்களாயினும் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் முனைகள் தூரத்திலிருந்து கலங்கிப் போகும். துணிகளை வரிசையாக வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் எடுத்துப் பார்த்தால், எவை பிரிந்து தெரிகின்றன, எவை ஒன்றாகக் கரைகின்றன என்பது உடனே விளங்கும். பெரிய பூப்போட்ட துணியை நடுச்சதுரத்துக்கு வைத்துக்கொண்டு, முனைகளுக்குப் பொடி வேலைப்பாடோ ஒற்றை நிறமோ கொடுப்பது என் வழக்கம்.

கட்டத்தை விட்டு வெளியே: லெமாய்ன் ஸ்டார்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து லெமாய்ன் ஸ்டார் ஒரு விதத்தில் வேறுபடுகிறது. எட்டுச் சாய்சதுரங்கள், ஒவ்வொன்றின் கூர்முனையும் 45 பாகை, மையத்தில் கூடி 360 பாகையை நிறைக்கின்றன. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடும் நேர்த்தையலால் மட்டும் இதை முடிக்க முடியாது. வெளியிலுள்ள சதுரங்களையும் முக்கோணங்களையும் இரண்டு சாய்சதுரங்களுக்கு இடையிலான இடுக்கில் செருகித் தைக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் நகரை 1718ஆம் ஆண்டு நிறுவிய லெமாய்ன் குடும்பத்தாரின் பெயரால் இப்பெயர் வந்தது என்பது வழக்கில் உள்ள விளக்கம். அது பேச்சில் மருவி லெமன் ஸ்டார் என்றும் வழங்குகிறது.

12 அங்குல பிளாக்கைக் கணக்கிட்டால் சாய்சதுரத்தின் பக்கம் 3½ அங்குலத்தை ஒட்டி வருகிறது. 3 அங்குல அகலப் பட்டைகளை வெட்டி, அவற்றின் ஒரு முனையை 45 பாகையில் சீவி, அந்தச் சாய்ந்த ஓரத்திலிருந்து 3 அங்குலத்துக்கு ஒன்றாக அதே சாய்வில் வெட்டுங்கள். மூலைகளுக்கு 4 அங்குலச் சதுரம் நான்கு. பக்கங்களுக்கு 6¼ அங்குலச் சதுரம் ஒன்றை இரு மூலைவிட்டங்களிலும் வெட்டிக் கிடைக்கும் நான்கு முக்கோணங்கள்.

ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் மூலைக்கு மூலை, தையல் கோடுகள் சந்திக்கும் கால் அங்குலப் புள்ளியைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். சாய்சதுரங்களை இரண்டிரண்டாக இணைக்கும்போது தையல் அந்தப் புள்ளியில் தொடங்கி அந்தப் புள்ளியிலேயே முடிய வேண்டும். இரு முனைகளிலும் ஓரிரு தையல் பின்னோக்கிப் போட்டு நூலை முடிந்துவிடுங்கள். துணியின் ஓரம் வரை தைத்துவிட்டால் அந்த இடுக்கு திறக்காது, செருகும் துண்டு மடிப்பு விழுந்தே நிற்கும். இரண்டுகள் நான்காகி, நான்குகள் எட்டானபின், சதுரங்களையும் முக்கோணங்களையும் மாறிமாறி வைத்து, ஒவ்வொன்றையும் உள்மூலைப் புள்ளியிலிருந்து வெளிநோக்கி இருமுறை தைக்க வேண்டும்.

எட்டுத் துண்டுகளிலும் அரைப் பாகை கூடினாலே மொத்தம் 4 பாகை கூடிவிடும். நட்சத்திரம் தட்டையாகப் படியாமல் நடுவில் குடைபோல் உப்பும். நான்கு துண்டுகள் இணைந்ததும் அதன் நேர் ஓரத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஓரம் நேராக இல்லையென்றால் அப்போதே பிரித்துச் சரிசெய்வது, எட்டையும் இணைத்தபின் வருந்துவதைவிடப் பன்மடங்கு எளிது.

லோன் ஸ்டார்

லெமாய்ன் ஸ்டாரின் ஒவ்வொரு சாய்சதுரத்தையும் சிறிய சாய்சதுரங்களாகப் பிரித்தால், குவில்ட் முழுவதையும் ஒரே நட்சத்திரம் நிறைக்கும் லோன் ஸ்டார் பிறக்கிறது. லக்கோட்டா மக்கள் விடிவெள்ளியின் உருவாகத் தைத்து, பெருமைப்படுத்த வேண்டியவர்களுக்கு வழங்கும் நட்சத்திரக் குவில்ட்டும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. நான்குக்கு நான்காகப் பிரித்தால் எட்டுப் பெரிய சாய்சதுரங்களில் மொத்தம் 128 துண்டுகள். மையத்திலிருந்து விரியும் நிற வளையங்கள் ஏழு. இத்தனையையும் தனித்தனியே வெட்ட வேண்டியதில்லை. நான்கு நிறப் பட்டைகளை, ஒவ்வொன்றையும் முந்தையதைவிடப் பட்டை அகலத்தின் அளவு தள்ளிப் படிக்கட்டுபோல் இணைத்து, அந்தத் தொகுப்பைப் பட்டையின் வெட்டு அகலத்துக்கே 45 பாகையில் வெட்டினால், நான்கு சாய்சதுரங்கள் சேர்ந்த கீற்றுகள் கிடைக்கும். ஒவ்வொரு தொகுப்பிலும் நிறவரிசையை ஒரு படி நகர்த்திக்கொண்டால், நான்கு தொகுப்புகளின் கீற்றுகளை அடுத்தடுத்து இணைத்தவுடன் வளையங்கள் தாமாக அமையும்.

கீற்றுகளின் நீண்ட ஓரங்கள் எல்லாமே இழைக்குச் சாய்வாக வெட்டிய, எளிதில் இழுபடும் ஓரங்கள் என்பதால் வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக்கொள்வது இங்கே அவசியம். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். வெளியிலுள்ள சதுரங்களையும் முக்கோணங்களையும் கணக்கில் வருவதைவிட ஓர் அங்குலம் பெரிதாக வெட்டிச் செருகிவிட்டு, குவில்ட்டின் நான்கு ஓரங்களையும் முனைகளுக்கு வெளியே கால் அங்குலம் விட்டுக் கடைசியில் நேராக்கிக்கொள்ளுங்கள். எட்டு மடிப்புகளையும் பின்பக்கத்தில் ஒரே சுற்றாக, ஒன்றன்பின் ஒன்று சாய்ந்த விசிறி மடல்களைப் போல் விரலால் படியவைத்த பிறகே மையத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை இறக்க வேண்டும்.